பத்து மணிக் கண்கூச்சம்

ஏப்ரல் மாதக் கடைசியில் சந்திரலேகாவின் வீட்டுக்குப் புதுக் கூரை ஏறியது. தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் அவள் வீடு. கீழே ஓர் அறை, இரும்பு ஏணி வழியாக ஏறினால் மேலே ஓர் அறை, அதற்கு மேல் தகரக் கூரை. பம்பாயில் அந்தத் தகரத்துக்குப் பத்ரா என்று பெயர். அவளுடைய பழைய பத்ரா துருப்பிடித்து, மூன்று மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவள் புருஷன் வேல்ராஜ் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிவந்து அதன்மேல் விரிப்பார். பறந்துவிடாமல் இருக்க நாலு பழைய டயர்களைத் தூக்கி வைப்பார். அப்படியும் ஜூலை பிறந்தால் மழைத்தண்ணீர் எப்படியோ வழி கண்டுபிடித்து, வேறு இடமே இல்லாததுபோல அவளுடைய தையல் மிஷின் மேலேயே வந்து சொட்டும்.

மேலறைதான் அவளுக்குக் கடை. பிளவுஸ் தைப்பதில் அந்தப் பக்கத்தில் அவளுக்கு நல்ல பேர். வாடிக்கையாளர் துணி நனைந்துவிடுமோ என்று மழைக்காலம் முழுக்கத் தூக்கம் கெட்டு, இரண்டு வருடம் தைத்துச் சேர்த்த காசில் போட்ட கூரை அது. கடைக்காரர் பச்சை, சிவப்பு, நீலம் என்று வர்ணம் அடித்த தகடுகளையும் காட்டினார். நீலத்தைக் கண்டதும் அவளுக்குத் தார்ப்பாய் ஞாபகம் வந்து முகம் சுளித்துவிட்டாள். இருப்பதிலேயே பளபளப்பானதைக் கை காட்டினாள். புது எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. அதில் அவள் முகம்கூட நெளிந்து நெளிந்து தெரிந்தது.

ஆட்கள் வேலையை முடித்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவளே கூரை மேல் ஏறி, ஒரு மூலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டு இறங்கினாள். அதற்குப் பிறகு மேலே ஏற ஒரு வேலையும் இல்லை.

ஐந்தாம் நாள் சபா வந்தாள். சந்துக்கு எதிரே, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல நிற்கும் ஏழு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்காரி. வயது இருபத்தாறு. வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று சந்திரலேகாவுக்குத் தெரியும். பெருநாளைக்கு ஒரு தடவை அவளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்ததும் உண்டு. ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலைல பத்து மணிக்கு உங்க பத்ராவுல படுற வெயில் அப்படியே எங்க ரூமுக்குள்ள அடிக்குது. கண்ணத் தெறக்க முடியல. ஏதாச்சும் செய்ய முடியுமா?"

அந்த நேரம் பார்த்து சந்திரலேகா ஒரு சிக்கலான கழுத்துப் பட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெயில் அடிப்பதற்கு நான் என்ன செய்ய முடியும் தாயி, ஜன்னலுக்கு ஒரு திரையைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்னதோடு அவளுக்கு ஆறவில்லை. மூன்று வருடம் ஒழுகியபோது எந்த மாடியிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை, புதிதாகப் போட்டதும் ஆள் வந்துவிட்டதே என்று நினைத்தாள். அன்று வேல்ராஜ் வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாக ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும் கோத்துக் கூரை விளிம்பில் கட்டச் சொன்னாள்.

வேல்ராஜ் டிராம்பேயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் வேலை பார்ப்பவர். சாதுவான மனுஷர்.

"ஏட்டி, அந்தப் புள்ள கண்ணு கூசுதுன்னுதான சொல்லிச்சு? கண்ணு வச்சேன்னா சொல்லிச்சு?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான். கட்டுங்க" என்றாள்.

கட்டினார்.

ஒரு வாரம் ஓடியது. சபா இரண்டாம் தடவை வரவில்லை. அவளுடைய அம்மா பீவி ஒரு தடவை காய்கறி வண்டிப் பக்கத்தில் வழிமறித்து, பிள்ளைக்குத் தலைவலி வருகிறது என்று சொல்லிப் பார்த்தாள். சந்திரலேகா வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்துக்கொண்டே, புதுசு அப்படித்தான் இருக்கும், போகப்போக மங்கிவிடும் என்று பதில் சொன்னாள். எப்போது மங்கும் என்று பீவி கேட்டாள். அதை அவள் யோசித்ததில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். சந்திரலேகா ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுசுக்கு முதுகுப்பக்கம் தைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு வெளிச்சம் விழுந்தது. அது மெல்ல நகர்ந்து கத்தரிக்கோல் மேல் ஏறியது, நூல்கண்டு மேல் ஏறியது, அப்புறம் சட்டென்று அவள் கண்ணுக்குள் பாய்ந்தது. தலையை ஒதுக்கினால் கூடவே ஒதுங்கியது. மிஷின் ஓடிய வேகத்தில் தையல் கோடு கோணிக்கொண்டு போய்விட்டது.

கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது மாடி ஜன்னலில் பீவி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பீரோவிலிருந்து கழற்றிய நீளமான கண்ணாடி.

"என்ன பீவியக்கா இது, சின்னப்புள்ள விளையாட்டு?"

"ஒன்னோட வெயில்தான் புள்ள. எங்களுக்கு வேணாம், நீயே வச்சிக்க" என்றாள் பீவி மேலேயிருந்து, நிதானமாக.

சந்திரலேகாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோணிப்போன பிளவுசையும் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஏணியில் இறங்கி, சந்தைக் கடந்து கட்டடத்துக்குள் போனாள். லிப்ட் வழக்கம்போல ஓடவில்லை. மூன்று மாடி படியேறும்போது சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். கதவு திறந்தே இருந்தது. வாயைத் திறக்கப் போனவளைப் பீவி உதட்டில் விரல் வைத்துத் தடுத்து, உள்ளே கை காட்டினாள்.

ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் கட்டில், நடுவில் ஜன்னலை ஒட்டி ஒரு சின்ன மேஜை. மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. அதற்கு முன்னால் சபா, வீட்டுக்குள்ளே, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இங்கிலீஷில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். திரையில் ஆறு குழந்தைகளின் முகங்கள். ஓரத்தில் சபாவின் முகம் தெரிய வேண்டிய சதுரத்தில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்புக் கண்ணாடி மட்டும் மிதந்துகொண்டிருந்தது. குழந்தைகளில் ஒன்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சந்திரலேகா மெல்ல ஜன்னல் பக்கம் போனாள்.

தன் வீட்டுக் கூரையை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. சுற்றிலும் நீலத் தார்ப்பாய்களும் துருப்பிடித்த தகரங்களும் டயர்களும் கிடக்க, அவளுடையது மட்டும் நடுவில் தகதகவென்று எரிந்தது. ஒரு கணம் நெஞ்சு விரிந்தது. அடுத்த கணம் கண்ணுக்குள் ஊசி ஏறியதுபோல இருந்தது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மூடிக்கொண்ட பிறகும் இமைக்குள் பச்சையும் ஊதாவுமாகப் பந்துகள் உருண்டன. தடுமாறிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பீவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் குடித்ததில், படியேறும்போது வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகளும் சேர்ந்து உள்ளே போய்விட்டன.

வகுப்பு முடிந்ததும் சபா கண்ணாடியைக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். பிளக் பாயிண்ட் அந்த ஒரு மூலையில்தான் இருக்கிறது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசுகிறது, முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கரிக்கட்டையாகத் தெரிகிறது. திரையைப் போட்டால் அடுப்புப் புகை வெளியே போக வழியில்லை, காற்றும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பத்து மணி வகுப்பைப் பார்வையிடக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் சேரப்போகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால்தான் வேலை நிரந்தரம்.

"நான் வந்து சொன்னப்பவே இதையும் சொல்லிருக்கணும்க்கா" என்றாள் சபா.

"நீ சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள் சந்திரலேகா. அது உண்மைதான்.

அன்றிலிருந்து கூரை அவளுடைய வேலையாகிவிட்டது. முதலில் அவளுக்குப் பிடிக்காத காரியத்தையே செய்தாள். கட்டி மூலையில் போட்டிருந்த பழைய நீலத் தார்ப்பாயை வேல்ராஜை விட்டு விரிக்கச் சொன்னாள். புதுத் தகரத்துக்கு மேல் அது கிடந்ததைப் பார்க்க, புதுப் பட்டுச்சேலைக்கு மேல் அழுக்குத் துண்டைப் போர்த்தியதுபோல இருந்தது. ஆனால் அவள் கவலைப்பட்டு முடிப்பதற்குள் மே மாதக் காற்று ஒன்று கிளம்பி, மறுநாள் மத்தியானமே தார்ப்பாயைக் கிழித்து, பாதியைக் கரண்ட் கம்பியில் தொங்கவிட்டுவிட்டது. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கோழிக்கூண்டுக்குக் கேட்டார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

அடுத்து வேல்ராஜ் ஒரு யோசனை சொன்னார். பெயிண்ட் அடித்துவிட்டால் பளபளப்பு போய்விடும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூரைமேல் உட்கார்ந்து, அவரே ஒரு டப்பா வெள்ளை பெயிண்டை அடித்தார். கூரையில் பாதி அடித்தது போக மீதியைத் தன் தலையிலும் பனியனிலும் அடித்துக்கொண்டார் என்று சந்திரலேகா சொல்வாள். திங்கட்கிழமை நன்றாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை வெயிலில் பெயிண்ட் கொப்புளித்தது. புதன்கிழமை காலையில் சுட்ட அப்பளத்தின் மேல்தோல் மாதிரி பெரிய பெரிய பாளமாக உரிந்து, சந்தெல்லாம் பறந்தது. தெருவில் போகிறவர்கள் தோளில் எல்லாம் வெள்ளைச் சில்லு.

அப்போதுதான் வேல்ராஜுக்கு இசக்கிப்பாண்டி நினைவுக்கு வந்தார். சுனாபட்டியில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், வேல்ராஜுக்குத் தூரத்துத் தம்பி முறை. அன்று சாயங்காலமே வந்து, ஒரு பாளத்தை விரலால் உரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"புதுத் தகரத்துல ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும் மைனி. அதுமேல எதை அடிச்சாலும் பிடிக்காது. மொதல்ல இந்தத் தோலெல்லாம் சுரண்டி எடுங்க. சோப்புத்தூள் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவுங்க. ரெண்டு நாள் காயட்டும். ஞாயித்துக்கிழம நான் வாரேன். தகரத்துக்குன்னு தனியா பிரைமர் இருக்கு, அத அடிச்சிட்டுத்தான் பெயிண்ட் அடிக்கணும். அதுவும் பளபளப்பு பெயிண்ட் கூடாது. மினுக்கு இல்லாததா அடிக்கணும். இல்லன்னா தகரத்துக்குப் பதிலா பெயிண்ட் கண்ணக் குத்தும்."

வியாழக்கிழமை வேல்ராஜ் லீவு போட்டார். புருஷனும் பெண்சாதியுமாகக் கூரைமேல் ஏறி, சுரண்டினார்கள், தேய்த்தார்கள், இருபது வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்ட திருப்தியில் அன்று இருவரும் சீக்கிரமே சாப்பிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேல்ராஜ் வேலைக்குப் போய்விட்டார். ஒன்பதரை மணிக்குச் சந்திரலேகாவின் போன் அடித்தது. பீவி.

"ஏ சந்திரா, நேத்து என்ன செஞ்சு வச்சிய? முன்னைக்கு இப்ப நாலு மடங்கா அடிக்குதே. இன்னைக்கில்லா அந்த மேடம் வாராங்க!"

சந்திரலேகா தலையில் கை வைத்துக்கொண்டாள். கழுவினால் பளிச்சென்றுதான் ஆகும் என்பது ஊரில் பாத்திரம் துலக்கும் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் ஏன் தோன்றாமல் போனது? தார்ப்பாய் கோழிக்கூண்டின் மேல் கிடந்தது. இசக்கிப்பாண்டி வர இன்னும் இரண்டு நாள். அரைமணி நேரத்தில் என்ன செய்ய?

சுற்றுமுற்றும் பார்த்தாள். தையற்காரி வீட்டில் எது இருக்கிறதோ இல்லையோ, துணி இருக்கும். வாடிக்கையாளர் துணியைத் தொடக்கூடாது என்று ஓரமாக ஒதுக்கிவிட்டு, தன் பீரோவைத் திறந்தாள். சேலைகளை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். படுக்கை விரிப்பு, வேல்ராஜின் வேட்டிகள், கைலிகள், ஜன்னல் திரை எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்டினாள். துணிக் கிளிப் ஒரு கொத்து, கயிறு ஒரு சுருணை. செருப்பை மாட்டிக்கொண்டு கூரைக்கு ஏறினாள். தகரம் அதற்குள் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. அடியில் தகரத்தைத் தாங்கும் இரும்புக் குழாய் ஓடுகிற இடமாக, திருகாணி வரிசையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள்.

மூன்றாவது மாடி ஜன்னலில் பீவி தயாராக நின்றாள். பின்னால் சபாவின் குரல் கேட்டது. வகுப்பு தொடங்கிவிட்டது. ஆகவே இனி பேச்சு கூடாது. பீவி கையை அசைத்தாள், சந்திரலேகா விரித்தாள். இடது பக்கம் என்றால் இடது, மேலே என்றால் மேலே. சுங்குடிச் சேலை, வாயில் சேலை, பூப்போட்ட விரிப்பு, கட்டம் போட்ட கைலி என்று ஒவ்வொன்றாகக் கூரை மறைந்தது. அவசரத்தில் ஜரிகை போட்ட பட்டுச்சேலை ஒன்றையும் உதறிப் போட்டுவிட்டாள். பீவி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஜரிகை தகரத்தைவிட அதிகமாக மின்னியது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு பழைய வேட்டியை விரித்தாள்.

கடைசியில் ஒரு மூலை மிச்சம். முக்காலி அளவுதான் இருக்கும். கொண்டுவந்த துணியெல்லாம் தீர்ந்துவிட்டது. பீவி அந்த மூலையையும் சபாவின் பக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். சரியாக அந்த வெளிச்சம்தான் மேஜைக்குப் போகிறது. இறங்கிப்போய் வேறு துணி தேட நேரமில்லை. சந்திரலேகா ஏணித் தலைப்பில் மாட்டியிருந்த கறுப்புக் குடையை எட்டி எடுத்து விரித்தாள். பட்டுச்சேலையை நாலாக மடித்துத் தகரத்தின்மேல் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்து, குடையைச் சாய்த்துப் பிடித்தாள். பீவி ஜன்னலில் கட்டைவிரலை உயர்த்தினாள். அப்புறம் அசையாதே என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வியர்வை முதுகில் ஓடியது. கட்டடத்தின் ஏழு மாடி ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. துணிக்கடை விளம்பரம் போல விரிந்துகிடந்த சேலைகளுக்கு நடுவில் ஒரு பொம்பிளை குடை பிடித்து உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு சபாவின் குரலில் கவனம் போனது. இங்கிலீஷ்தான், ஆனால் எண்கள் புரிந்தன. முக்காலும் அரையும் கூட்டினால் எவ்வளவு என்று சபா கேட்டாள். பிள்ளைகள் முழித்தன. முக்கால் மீட்டர் துணியும் அரை மீட்டர் துணியும் சேர்ந்தால் எவ்வளவு என்பது சந்திரலேகா தினமும் வெட்டுகிற கணக்கு. ஒன்றேகால் என்று வாய்க்குள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து ஒரு பையன் அதே விடையைச் சொன்னான். சபா அவனைப் பாராட்டினாள். தன்னையும் சேர்த்துத்தான் என்று சந்திரலேகா எடுத்துக்கொண்டாள். எட்டாவதோடு நின்றுபோன அவளை ஒரு டீச்சர் கணக்குக்காகப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

வகுப்பு முடிந்ததும் சபா ஜன்னலுக்கு ஓடிவந்தாள். முகம் கழுவினது மாதிரி இருந்தது.

"அக்கா, மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? பின்னால கலர் கலரா அழகா இருக்கே, அது என்ன டெக்கரேஷன்னு கேட்டாங்க!"

எப்படி என்றால், சேலைகளின் நிறமெல்லாம் லேசாகச் சுவரில் படிந்து, சபாவின் பின்னால் ரோஸும் மஞ்சளுமாகத் தெரிந்திருக்கிறது. சந்திரலேகா எழுந்திருக்கப் பார்த்தாள். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. பீவி கீழே இறங்கிவந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு அவளை இறக்கினாள். கூடவே ஒரு சொம்பு மோர்.

ஞாயிற்றுக்கிழமை இசக்கிப்பாண்டி வந்தார். காலை ஏழு மணிக்கெல்லாம் பிரைமர் அடித்து முடித்து, அது காயும் நேரத்தில் என்ன நிறம் என்று கேட்டார். மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும், வானத்தில் மேகம் கூட ஆரம்பித்துவிட்டது என்று அவசரப்படுத்தினார். வெள்ளையே நல்லது, சூடு ஏறாது என்றார் வேல்ராஜ். வெள்ளை வெயிலில் மறுபடி கண் கூசும் என்றாள் சந்திரலேகா. அப்புறம் அவளே ஒரு வழி சொன்னாள். கூரையை நாம் எவரும் பார்க்கப்போவதில்லை. பார்க்கிறவர்களிடம் கேட்போம்.

இசக்கிப்பாண்டி காய்ந்த பிரைமரின் மேல் ஒரு முழ அகலத்துக்கு நாலு நிறத்தைத் தீற்றிவைத்தார். பத்து மணிக்குச் சந்திரலேகா பீவியின் ஜன்னலில் போய் நின்றாள். வெள்ளை இன்னும் கொஞ்சம் கூசியது. சாம்பல் கண்ணுக்கு நன்றாக இருந்தது, ஆனால் அழுக்காகத் தெரிந்தது. பச்சை பீவிக்குப் பிடித்தது. ஆனால் அடர்த்தியான நிறம் வெயிலை உள்ளே இழுத்துக்கொண்டு மேலறையை அடுப்பாக்கிவிடும் என்று கீழேயிருந்து இசக்கிப்பாண்டி கத்தினார். நாலாவது ஒரு மங்கின வெளிர் மஞ்சள்.

"இது என்ன கலர்?" என்று கேட்டாள் சபா.

"புழுங்கலரிசி கலர்" என்றாள் பீவி. அதற்குமேல் அதற்கு வேறு பேர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்குள் மற்ற மாடிகளிலிருந்தும் அபிப்பிராயங்கள் வரத் தொடங்கின. ஐந்தாவது மாடியில் ஒருவர் காவி அழகாக இருக்கும் என்றார். ஆறாவது மாடிப் பெண்கள் ரோஸ் கேட்டார்கள். இரண்டாவது மாடி வானமாமலை மட்டும் கூரைக்கு வர்ணமே வேண்டாம் என்றார். அவர் தனிக்கட்டை, அப்பளம் வடகம் போட்டு விற்பவர். ஒரு மாதமாகக் கூரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவர் ஜன்னல் மேடையில் வடகம் அரை நாளில் காய்ந்திருக்கிறது. அதுவரை அந்த ஜன்னலில் வெயில் எட்டிப் பார்த்ததே இல்லையாம். ஒரே ஒரு தகட்டையாவது அப்படியே விட்டுவைக்க முடியுமா என்று அவர் கேட்டபோது, அந்த ஆளின் முகத்தைப் பார்த்து யாருக்கும் சிரிக்க மனசு வரவில்லை. பெயிண்ட் காய்ந்த பிறகு ஏணி ஏறிவந்து கூரைமேலேயே வடகத்தைக் காயவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் திருகாணி வரிசையில்தான் கால் வைக்க வேண்டும் என்று சந்திரலேகா சொன்னாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

மத்தியானம் ஒரு பூச்சு, சாயங்காலம் ஒரு பூச்சு. சரியாக நாலு நாள் கழித்து முதல் மழை வந்தது. ராத்திரி முழுக்கப் பெய்தும் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை, ஒரு சில்லு பெயிண்ட் உரியவில்லை. வெயில் அடித்த நாட்களில் மேலறையில் அனல் குறைந்திருப்பதையும் சந்திரலேகா கவனித்தாள். முன்பெல்லாம் மத்தியானம் மிஷினை விட்டுக் கீழே ஓடிவந்துவிடுவாள். இப்போது அங்கேயே உட்கார்ந்து மூன்று மணிவரை தைக்க முடிகிறது. எலுமிச்சையும் மிளகாயும் வாடிச் சுருங்கியதும் வேல்ராஜ் அவிழ்த்துப் போட்டார். புதிது கட்டவா என்று கேட்டார். பார்க்கலாம் என்றாள்.

சபாவுக்கு ஜூன் கடைசியில் வேலை நிரந்தரமானது. கூடவே இன்னொரு வகுப்பும் கொடுத்தார்கள். அந்த மேடம் இன்னமும் பழைய டெக்கரேஷனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சபா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மழைக்காலம் முடிந்து, சந்தில் அடுத்ததாகக் கூரை மாற்றியவர்கள் இரண்டு வீட்டுக்காரர்கள். பளபளப்பான பத்ரா போட்டுவிட்டு, அவர்களாகவே இசக்கிப்பாண்டியின் நம்பரைக் கேட்டு வந்தார்கள். சந்திரலேகா நம்பரைக் கொடுத்துவிட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். தன் கூரை வெளியே எப்படித் தெரிகிறது என்பதைப் பீவியின் ஜன்னலில் நின்று பார்க்காமல் நிறம் முடிவு செய்யக்கூடாது என்பது அவள் கட்சி. காலை பத்து மணிக்கு இரண்டு புருஷன் பெண்சாதிகள், ஒரு பெயிண்டர், ஒரு தையற்காரி என்று அந்த ஒற்றை அறை நிறைந்துபோனது. சபா காதில் மாட்டியிருந்ததைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் பாடம் நடத்தினாள்.

"எல்லாரும் வந்து பாக்குறதுக்கு என் வீடு என்ன மலையுச்சியா?" என்று பீவி தாழ்ந்த குரலில் அலுத்துக்கொண்டாள்.

அலுத்துக்கொண்டே எல்லாருக்கும் டீ போட்டாள். எவர் எந்த நிறம் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாமல், புழுங்கலரிசிதான் சரி என்று கடைசிவரை ஒற்றைக்காலில் நின்றாள்.